கல்லடிப் பாலத்தில் மெல்ல ஓடுகிறவர்கள்

விடியற்காலை ஐந்தேகால். கல்லடிப் பழைய பாலத்தின் இரும்புச் சட்டங்களுக்கிடையே இன்னும் இருள் விலகவில்லை. கீழே வாவியில் ஒரு தோணி, தோணியில் ஒற்றை வெளிச்சம், குனிந்து வலை இழுக்கிற ஒருவரின் முதுகு. பாலத்தின் மேல் நாலைந்து பேர் நடக்கிறார்கள், இரண்டு பேர் ஓடுகிறார்கள். ஓடுகிறவர்களில் ஒருத்தி நான். கைவீசி நடந்து வரும் ஐயா ஒருவர் என்னை முந்திக்கொண்டு போகிறார். போகட்டும். இந்த வேகத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது மாதங்களும் இரண்டு காயங்களும் தேவைப்பட்டன. இந்தக் கட்டுரையே அந்த வேகத்தைப் பற்றியதுதான்.

நான் சூறாவளி வருசத்துப் பிள்ளை. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட அந்தச் சூறாவளியைக் கொண்டே எங்கள் ஊரில் ஒரு தலைமுறையின் வயதைக் கணக்குப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஓடினேன். இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் 1500 மீற்றரில் என் பெயர் இருக்கும். போட்டிக்கு முன்பு வீதியில் நடக்கும் மரதன் ஓட்டத்தில் வெறுங்காலோடு ஓடி, வெயிலில் இளகிய தார் உள்ளங்காலில் ஒட்ட வீடு வந்திருக்கிறேன். உயர்தரப் பரீட்சையோடு எல்லாம் நின்றது. பிறகு வேலை, கல்யாணம், இரண்டு பிள்ளைகள், மாமியாரின் நோய், மோட்டார் சைக்கிள். 27 வருடங்கள் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடவில்லை.

போன வருடக் கடைசியில் அரச வைத்தியசாலையோடு சேர்ந்த ஆரோக்கிய வாழ்வு நிலையத்துக்குப் போனேன். 35 வயதைத் தாண்டியவர்களுக்கு எடை, பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்த்துச் சொல்லும் இடம் அது. தராசு 81 கிலோ காட்டியது. இடுப்புச் சுற்றளவு 98 சென்ரிமீற்றர். வெறுவயிற்றில் சீனி 117. "இன்னும் சலரோகம் இல்ல. ஆனா வாசலுக்கு வந்திட்டுது" என்றார் தாதி. என் அம்மாவின் இடது காற்பெருவிரலைச் சலரோகம் கொண்டுபோனதை நான் பார்த்தவள். அந்தக் காலுக்கு மருந்து கட்டியது என் கைதான். அன்று மாலையே அலுமாரியின் அடியிலிருந்து பழைய சப்பாத்தைத் தேடி எடுத்தேன்.

இந்த எண்களைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் பலர் தங்களுக்கு எதுவுமில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையை அளக்கும் உடற்திணிவுச் சுட்டி 25ஐத் தாண்டினால் அதிக எடை என்பது உலகப் பொதுக் கணக்கு. ஆசியர்களுக்கு அது பொருந்தவில்லை. 23இலிருந்தே ஆபத்துக் கூடுகிறது என்று 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது. நமக்குக் கொழுப்பு கையிலும் காலிலும் சேர்வதைவிட வயிற்றுக்குள் சேர்வது கூட. அதனால் இடுப்பளவு முக்கியமாகிறது. தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90. சேலைக்கும் சாரத்துக்கும் இந்த அளவு தெரியாது. இடுப்பு பெருகப் பெருக இரண்டும் இடம் கொடுத்துக்கொண்டே போகும். இலங்கையில் வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சலரோகமோ அதன் முன்கட்டமோ இருக்கிறது என்று 2005, 2006ஆம் ஆண்டுகளில் நாடு தழுவி நடந்த ஆய்வு கண்டது. இருபது வருடங்களுக்கு முந்திய கணக்கு அது.

ஆரும் துரத்துறாங்களா?

முதல் நாள் எங்கள் ஒழுங்கையால் ஓடியபோது, படலையில் நின்ற பக்கத்து வீட்டு மாமி பதறிப்போய்க் கேட்டார்: "என்ன புள்ள, என்ன நடந்த? ஆரும் துரத்துறாங்களா?"

வெளியூர்க்காரருக்கு இது சிரிப்பாக இருக்கலாம். எனக்குத் தொண்டை அடைத்தது. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிற இந்த வாவிக்கு இரண்டு கரைகள். சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, படுகிற பக்கம் படுவான்கரை. இந்த இரண்டு கரைகளுக்கிடையே எங்கள் சனம் ஓடிய ஓட்டம் கொஞ்சமல்ல. 1990 ஜூனில் சண்டை மறுபடி மூண்டபோது எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குத் தோணியேறினார்கள். 2007இல் படுவான்கரையிலிருந்து இந்தப் பக்கம் ஓடிவந்து பள்ளிக்கூடங்களிலும் கூடாரங்களிலும் கிடந்தார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் கடலிடமிருந்து ஓடினார்கள். கல்லடி திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் அன்று ஒருபக்கம் சாய்ந்தது. நாவலடியில் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். "ஓடின நேரம்" என்று யாராவது கதை தொடங்கினால், "எந்த ஓட்டம்? தொண்ணூறா, சுனாமியா?" என்று கேட்கிற ஊர் இது.

அந்தச் சண்டைக் காலத்தில் விடியற்காலை என்ற பொழுதே எங்களிடம் இருக்கவில்லை. வெளிச்சம் வரும் முன்பு வீதியில் ஒருவர் ஓடினால் காவலரணில் இருப்பவர் என்ன நினைப்பார்? உடற்பயிற்சி செய்யவில்லை, சோம்பேறிகள் என்று எங்கள் தலைமுறையை யாரும் சொல்லும்போது இதையும் நினைக்க வேண்டும். நாங்கள் உடம்பைக் காப்பாற்றிக்கொண்டதே பெரிய வேலை. அதைப் பேணுகிற வேலை, சண்டை ஓய்ந்த 2009க்குப் பிறகுதான் கைக்கு வந்தது.

மாமிக்கு நின்று பதில் சொன்னேன். "இல்ல மாமி, சீனி கூடிப்போச்சாம். அதான் ஓடுறன்." மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்கு ஏன் இப்பிடி விழுந்தடிச்சி ஓடுறா? மெல்ல ஓடன்."

மாமி சொன்னதுதான் சரி. அது எனக்குப் புரிய மூன்று மாதம் பிடித்தது.

பதினெட்டு வயதுக்காரியின் வேகம்

நான் என்ன செய்தேன் என்றால், விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். நெடுநாள் கழித்து ஓட வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். மூளைக்குள் அந்தப் பள்ளிக்கூட ஓட்டக்காரி அப்படியே இருக்கிறாள். விசில் சத்தம், இல்லத்துக் கொடி, சுண்ணாம்புக் கோடு எல்லாம் இருக்கின்றன. கால் மட்டும் 46 வயதுக் கால். நானூறு மீற்றர் போவதற்குள் மூச்சு முட்டியது, வாய் கைத்தது. வீதியோரத்தில் முழங்காலில் கை ஊன்றி நின்றேன். மறுநாளும் அதே வேகம். பன்னிரண்டாம் நாள் கெண்டைக்காலில் சுருக்கென்று பிடித்தது. இரண்டு வாரம் படுத்தெழும்பி மறுபடி அதே வேகத்தில் ஓடினேன். இந்தமுறை குதிக்காலின் பின்நரம்பு. காலையில் கட்டிலை விட்டிறங்கி முதல் அடி வைக்கும்போது உயிர் போகும்.

ஏன் இப்படி என்று பிறகு தேடிப் படித்தேன். ஓடத் தொடங்கினால் இதயமும் இரத்தமும் சில வாரங்களிலேயே பழகிக்கொள்கின்றன. தசை அதற்குச் சற்றுப் பிந்தும். எலும்பும் தசைநாணும் பழக மாதக்கணக்கு எடுக்கும், ஏனென்றால் தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு, இரண்டும் தங்களைப் புதுப்பித்துக்கொள்வதும் மெதுவாகத்தான். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு, மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. 81 கிலோக்காரிக்கு அது 160 கிலோவுக்குக் குறையாது. ஒரு நிமிடத்தில் நூற்றைம்பதுக்கு மேல் அடிகள். மூச்சுக் கொஞ்சம் பழகி "இனி ஓடலாம்" என்று உற்சாகம் வருகிற அந்த நாலாவது, ஐந்தாவது வாரத்தில்தான் தசைநாண் இன்னும் தயாராகாமல் நிற்கும். பெரும்பாலானவர்கள் கால் பிடித்து வீட்டில் இருந்துவிடுவது அந்தக் கட்டத்தில்தான்.

"ஓடினா முழங்கால் தேஞ்சிடும்" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை, பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் இடுப்பு, முழங்கால் மூட்டுத்தேய்வு 3.5 சதவீதம் என்றும், ஓடாமல் இருப்பவர்களில் 10.2 சதவீதம் என்றும் கண்டது. போட்டிக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களில்தான் அது 13.3. ஏற்கெனவே மூட்டு வலி உள்ளவர் டொக்டரைக் கேட்காமல் ஓடக்கூடாது, அது வேறு விடயம். ஆனால் ஒட்டுமொத்தமாக முழங்காலைக் காரணம் காட்டி உட்கார்ந்திருப்பவருக்கு இந்த எண்கள் இடம் கொடுக்கவில்லை.

ஒக்லாந்தில் ஒரு காலை

இந்த மெல்லோட்டம் எங்கிருந்து வந்தது என்ற கதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்றுநர் இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்கள் இருவர் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். அந்தப் புகழோடு அவர் செய்த இன்னொரு வேலை, மாரடைப்பிலிருந்து எழுந்த நடுத்தர வயது ஆண்களைத் திரட்டி மெதுவாக ஓடவைத்தது. மாரடைப்பு வந்தவர் கட்டிலில் கிடக்க வேண்டும் என்று வைத்தியர்கள் சொன்ன காலம் அது. 1962இல் ஒக்லாந்து நகரில் இவர்களுக்கென்று ஒரு சங்கமே உருவானது.

அந்த ஆண்டின் கடைசியில் அமெரிக்காவின் ஒறிகன் பல்கலைக்கழக ஓட்டப் பயிற்றுநர் பில் பவர்மன் அங்கே விருந்தாளியாக வந்தார். பின்னாளில் நைக் நிறுவனமாக வளர்ந்ததன் இரண்டு தோற்றுநர்களில் ஒருவர். அப்போது வயது 51. சாம்பியன்களைப் பயிற்றுவிக்கிறவர், ஆனால் தான் ஓடி வருடக்கணக்காகிவிட்டது. லிடியார்ட் அவரை ஒரு ஞாயிறு காலை கோர்ன்வோல் பூங்காவுக்கு அழைத்துப் போனார். அரை மைல் போவதற்குள் பவர்மனுக்கு மூச்சு நின்றுவிடும் போலாகிவிட்டது. கூட்டம் முன்னே போய்விட்டது. எழுபதைத் தாண்டிய ஒரு கிழவர் மட்டும் பின்தங்கி அவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். அந்தக் கிழவருக்கு மூன்றுமுறை மாரடைப்பு வந்திருந்தது. பவர்மனால் பதில் பேசக்கூட முடியவில்லை.

ஆறு வாரம் அங்கேயே தங்கி மெல்ல ஓடப் பழகிக்கொண்டு ஊர் திரும்பினார் பவர்மன். தன் நகரத்து மக்களைக் கூட்டி ஓடவைத்தார். மெல்லோட்டத்தைப் பற்றி அவர் சேர்ந்து எழுதிய சிறு புத்தகம் அமெரிக்காவில் இலட்சக்கணக்கானவர்களை வீட்டை விட்டு வெளியே கொண்டுவந்தது. லிடியார்ட் கொடுத்த அளவுகோல் மிக எளிது: பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிந்தால் வேகம் சரி. பேச முடியாவிட்டால் கூடிவிட்டது. மணிக்கூடும் வேண்டாம், கைத்தொலைபேசிச் செயலியும் வேண்டாம். நம் ஊரில் கதைக்காமல் நடக்கிற ஆளைக் காண்பது அரிது. ஆகவே இது நமக்கென்றே செய்த அளவுகோல் போல எனக்குப் படுகிறது.

மூன்றாம்முறை தொடங்கியபோது இதைத்தான் பிடித்துக்கொண்டேன். 1996இல் ஜொஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர் தன் அம்மாவுக்காக ஒன்பது வாரத் திட்டம் ஒன்றை வகுத்தார். உலகம் முழுக்கப் பரவிவிட்ட திட்டம். ஐந்து நிமிடம் வேக நடை, பிறகு 60 வினாடி மெல்லோட்டம், 90 வினாடி நடை என்று மாற்றி மாற்றி இருபது நிமிடம். வாரத்தில் மூன்று நாள் மட்டும். வாரம் போகப் போக ஓட்டம் நீளும், நடை குறையும். எனக்கு வினாடி எண்ணப் பொறுமையில்லை. லைட் போஸ்டை வைத்துக் கணக்குப் போட்டேன். ஒரு போஸ்டுக்கு ஓட்டம், இரண்டு போஸ்டுக்கு நடை. ஒன்பது வாரத் திட்டத்தை முடிக்க எனக்கு இருபது வாரம் ஆயிற்று. கால் முனகினால் அதே வாரத்தை மறுபடி செய்தேன். காயம் திரும்பி வரவில்லை.

தராசு காட்டாதது

எடை குறைக்கத்தானே ஓட வந்தேன்? முதல் இரண்டு மாதம் தராசு அசையவில்லை. அழுகை வந்தது. ஓடுகிறவர்களில் பாதிப்பேர் கைவிடுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். ஆகவே கணக்கை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

ஒரு கிலோமீற்றர் ஓடினால், உங்கள் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கலோரி என்ற கணக்கில் செலவாகும். 81 கிலோக்காரி ஐந்து கிலோமீற்றர் ஓடினால் ஏறக்குறைய 400. ஒரு கிலோ கொழுப்பில் இருப்பது ஏறக்குறைய 7,700. அதாவது பத்தொன்பது முறை ஐந்து கிலோமீற்றர் ஓடினால் ஒரு கிலோ, அதுவும் சாப்பாடு ஒரு பிடிகூடக் கூடாமல் இருந்தால். தொடக்கத்தில் நான் ஓடியதும் நடந்ததும் சேர்த்தே ஒரு நாளைக்கு இரண்டு கிலோமீற்றர்தான். தராசு எப்படி அசையும்?

மறுபக்கம் பாருங்கள். நான் ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி குடிப்பவள், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி. பத்துக் கரண்டி, 40 கிராம், 160 கலோரி. இரண்டு கிலோமீற்றர் ஓட்டம் அந்தக் கோப்பைகளுக்குள் கரைந்துகொண்டிருந்தது. ஓடிவிட்டு வந்தால் பசி வேறு. காலையில் தெருவில் அந்த பீத்தோவன் இசையைப் போட்டுக்கொண்டு பாண் ஓட்டோ வரும். சூடான பணிஸ் வாசம் படலைக்குள் நுழையும். ஓடினேன்தானே என்று ஒன்று வாங்கினால் அன்றைய ஓட்டம் சரிக்குச் சரி. இராச் சோற்றைக் குறைத்து மரக்கறியைக் கூட்டினேன், சீனியைப் படிப்படியாக அரைக்கரண்டிக்குக் கொண்டுவந்தேன். அதன் பிறகுதான் தராசு இறங்கியது. ஒன்பது மாதத்தில் ஆறு கிலோ.

ஆனால் அதற்கு முன்பே, தராசு அசையாமல் நின்ற அந்த இரண்டாம் மாத முடிவில், கிளினிக்கில் சீனி 104 காட்டியது. இடுப்பு மூன்று சென்ரிமீற்றர் குறைந்திருந்தது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கவில்லை. எடை குறையாமல் எப்படிச் சீனி குறையும்?

இதற்கு நல்ல விடை சென்னையில் இருக்கிறது. டொக்டர் அ. இராமச்சந்திரனின் குழு, சலரோகத்தின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று வருடம் தொடர்ந்து பார்த்து 2006இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதமானவர்களுக்குச் சலரோகம் வந்துவிட்டது. தினம் அரை மணி நேரமாவது நடந்து, சாப்பாட்டையும் திருத்திக்கொண்டவர்களில் அது 39.3 சதவீதம். இதில் முக்கியமானது என்னவென்றால், இவர்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை. தசை வேலை செய்யும்போது இரத்தத்திலுள்ள சீனியை இன்சுலினின் தயவில்லாமலும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. வேலை முடிந்த பிறகும் ஒன்றிரண்டு நாட்கள் இன்சுலினுக்கு நன்றாக இணங்குகிறது. ஒன்றுவிட்டு ஒருநாள் ஓடச் சொல்வதன் காரணம் இதுதான். எங்கள் கிழக்கு மாகாணத்தின் ஒவ்வொரு கிளினிக் சுவரிலும் இந்த ஆய்வின் முடிவைப் பெரிய எழுத்தில் ஒட்டிவைக்க வேண்டும் என்பது என் ஆசை. எடை குறையவில்லை என்று நடையை விடுகிறவர்கள் எவ்வளவு பேர்!

நெஞ்சைக் கேட்டு

அவசரப்பட வேண்டாம் என்று சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. ஜிம் ஃபிக்ஸ் என்ற அமெரிக்கர் 35 வயதில், ஏறக்குறைய 97 கிலோ எடையோடும் நாளொன்றுக்கு இரண்டு பெட்டி சிகரெட்டோடும் ஓடத் தொடங்கினார். பத்து வருடத்தில் 27 கிலோ குறைந்தார், சிகரெட்டை விட்டார். 1977இல் ஓட்டத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. 1984 ஜூலை 20இல், தன் வழமையான ஓட்டத்தின்போது வீதியில் விழுந்து இறந்தார். வயது 52. மூன்று இதய நாடிகளில் ஒன்று 95 சதவீதம் அடைபட்டிருந்தது. அவருடைய அப்பா 43 வயதில் மாரடைப்பால் போனவர். ஓட்டம் கொன்றது என்று சொல்வோர் உண்டு. ஓட்டம்தான் அப்பாவைவிட ஒன்பது வருடம் கூடுதலாகக் கொடுத்தது என்று சொல்வோரும் உண்டு. நான் எடுத்துக்கொள்வது இதை மட்டும்: குடும்பத்தில் மாரடைப்பு இருந்தால், பிரஷரோ சலரோகமோ இருந்தால், புகை பிடித்தவரானால், சப்பாத்துக் கட்டும் முன்பு டொக்டரிடம் போங்கள். ஈசிஜி எடுத்துப் பாருங்கள். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, தலைச்சுற்று வந்தால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்ப்போம் என்று நினைக்காதீர்கள்.

இன்சுலின் போடுகிறவர்களும் கிளிக்கிளசைட் போன்ற குளிசை எடுக்கிறவர்களும் வெறுவயிற்றில் ஓடக்கூடாது. சீனி திடீரென்று இறங்கும். பொக்கெற்றில் இரண்டு இனிப்பு எப்போதும் இருக்கட்டும். கால் மரத்துப்போகிறவர்கள் ஓடி வந்ததும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஒரு சிறு கொப்புளம் என் அம்மாவிடம் எங்கே போய் முடிந்தது என்று முன்பே சொன்னேன்.

வெயிலும் இங்கே ஓர் ஆள்தான். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் அடிக்கிறபோது காலை எட்டு மணிக்கே காற்று அனலாகிவிடும். கடற்கரை ஊர்களில் ஈரப்பதன் வியர்வையைக் காயவிடாது, அதனால் உடம்பு சூடாறாது. ஆறரைக்குள் முடித்துவிடுவது நல்லது. மார்கழியில் மாரி அடித்து ஊற்றி, முகத்துவாரம் வெட்டிவிடுகிற நாட்களில் வாவி வீதிவரை ஏறி நிற்கும். அப்போது வாவிக்கரைப் பக்கம் போகவே வேண்டாம், முதலையும் உண்டு. வெபர் மைதானத்துப் பக்கமோ வீட்டு முற்றமோ போதும். அந்த மைதானத்துக்குப் பெயர் தந்தவர் நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த யேசு சபைத் துறவி ஹரோல்ட் வெபர். புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளை ஓடவும் பந்தாடவும் பழக்கியே இந்த ஊரில் முதுமை எய்தினார், இங்கேயே இறந்தார். அந்தப் பெயர்ப்பலகையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒரு நன்றி சொல்லத் தோன்றும்.

கதிர்காமத்துக்கு நடக்கிறவள்

தெருநாயைவிட, வெயிலைவிடக் கடினமானது பார்வை. ஆண்பிள்ளை ஓடினால் "ஸ்போர்ட்ஸ்." நாற்பது கடந்த பெண் ஓடினால் நின்று பார்க்கிறார்கள். "இந்த வயதில இவக்கு என்ன?" என்று என் காதுபடவே கேட்டார்கள். 2022ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கில், போதிய உடலசைவு இல்லாதவர்கள் ஆண்களில் 29 சதவீதம், பெண்களில் 34. பெண்கள் அசைவதில்லை என்று இதற்கு அர்த்தம் கொள்வது அநியாயம். விடிந்ததிலிருந்து குசினியில் நிற்கிறார்கள். தங்களுக்கென்று அரை மணி நேரம் வீதியில் இறங்கத்தான் அவர்களுக்கு வழியில்லை.

ஆனால் இதே ஊர்தான் வருடாவருடம் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறது. மட்டக்களப்பிலிருந்து கடலோரமாக உகந்தைக்கு, அங்கிருந்து குமண, யால காடுகளுக்குள்ளால். ஆயிரக்கணக்கில் போகிறார்கள். அறுபது வயது அம்மாக்கள் தலையில் மூட்டையோடு, சுடுமணலில், நாள் கணக்கில் நடக்கிறார்கள். யாரும் "இந்த வயதில" என்று கேட்பதில்லை. வழிநெடுகத் தண்ணீர்ப்பந்தல் வைத்துக் கும்பிட்டு அனுப்புகிறார்கள். முருகனிடம் போகும்போது தகுதியாக இருக்கிற அதே கால், தன் உடம்பைக் காக்கக் கல்லடிப் பாலத்தில் இறங்கும்போது மட்டும் எப்படித் தகுதியில்லாமல் போகும்? இதை நான் கோபத்தோடுதான் கேட்கிறேன்.

முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி 2023 நவம்பரில் தன் 72ஆவது வயதில் பிலிப்பைன்ஸுக்குப் போய், மூத்தோருக்கான மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேக நடையிலும் தங்கம், 800 மீற்றரில் வெண்கலம் எடுத்து வந்தார். அவருடைய படம் பத்திரிகையில் வந்த நாளில் எங்கள் மாமி அதை வெட்டிச் சாமித்தட்டில் ஒட்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன். தமிழ்நாட்டில், 2021இல் சுகாதார அமைச்சரான மா. சுப்பிரமணியன், 2004 கார் விபத்தில் காலில் பலத்த காயம் பட்டவர். பிறகு நூற்றுக்கு மேற்பட்ட அரை மரதன்களை ஓடி முடித்தார். இருவரையும் பதக்கத்துக்காகவோ எண்ணிக்கைக்காகவோ நான் இங்கே கொண்டுவரவில்லை. "இனி எங்க" என்று நம்மை நாமே மடக்கி வைக்கிற அந்த வயது, அவர்களுக்குத் தொடக்கமாக இருந்திருக்கிறது.

போன வாரம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆறு மணியாகப் போகிறது. பாலத்தின் எழுவான்கரை முனையில், சுடிதாரும் இறப்பர்ச் செருப்புமாக ஒரு பெண். நாற்பது இருக்கும். நாலுபக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டு, சட்டென்று ஓடத் தொடங்கினார். பள்ளிக்கூட ஓட்டம், கை இரண்டும் நெஞ்சோடு. முப்பது யார் தாண்டவில்லை, கைப்பிடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முகம் சிவந்து, தோள் ஏறி இறங்கியது. நான் நெருங்கியபோது வாவியைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார்.

"தங்கச்சி, என்னோட வாங்க. கதைச்சிக்கிட்டே போவம்."

"என்னால ஏலாதக்கா. மூச்சு வாங்குது."

"ஓட வேணாம், முதல்ல நடப்பம். எங்க வீடு?"

நாவற்குடா என்றார். இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவளுக்கு இந்த வருடம் சாதாரண தரம். கிளினிக்கில் சீனி 121. வீட்டுக்காரர் கட்டாரில். செருப்போடு ஓடலாமா என்று கேட்டார். நடக்கலாம், ஓடுவதற்கு ஒரு சப்பாத்து வாங்குங்கள், விலைகூடியது வேண்டாம், குதி மெத்தென்று இருந்தால் போதும் என்றேன். மூச்சு நிதானத்துக்கு வந்திருந்தது. கீழே தோணிக்காரர் கரை தட்டி இறால் பையைத் தூக்கிக்கொண்டிருந்தார். எங்கோ பாண் ஓட்டோவின் இசை கேட்டது.

"இப்ப கொஞ்சம் ஓடிப் பாப்பமாக்கா?"

"பாப்பம். மெல்ல."

"எது மட்டும்?"

"அந்த லைட் போஸ்ட் மட்டும்."